தாதியர் தம்மைத் தாமே கேட்கும் கேள்விகள்



மே மாதம் 12ஆம் திகதி உலகத் தாதியர் தினம். 1820ஆம் ஆண்டு அதே நாளில் பிறந்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் நினைவாக அந்த நாள் குறிக்கப்பட்டது. நம் மலையகத்துக்கு அத்திகதியோடு வேறொரு தொடர்பும் உண்டு. டிக்கோயாவில் இந்திய அரசின் உதவியோடு எழுந்த 150 கட்டில் வைத்தியசாலைக் கட்டடத்தை 2017ஆம் ஆண்டு மே 12ஆம் திகதியன்றுதான் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். கட்டடத்தைப் பற்றி நாம் நிறையப் பேசினோம். அக்கட்டில்களின் அருகே இரவு முழுதும் விழித்து நிற்போரைப் பற்றி அவ்வளவு பேசினோமா?

தாதியரின் தியாகத்தைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதுவது எளிது. விளக்கேந்திய சீமாட்டி, வெள்ளை உடுப்பு, புன்னகை என்று நாலு வரி எழுதினால் போதும். இவ்வாரம் நாம் அதைச் செய்யப் போவதில்லை. தாதியர் தங்கள் வேலையிலிருந்தே தங்களுக்குப் பாடம் கற்றுக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. தாதிப் பயிற்சியில் அதைப் பாடமாகவே போதிக்கிறார்கள். அம்முறை லயத்தில் வாழும் தாய்க்கும், வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கும், பங்குப் பணியாளருக்கும் உதவக்கூடியது. அதைத்தான் சற்றே விரித்துப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் நைட்டிங்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்வோம். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களோடு அவர் துருக்கி நாட்டின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். அந்தப் பத்துப் பேரில் ஐவர் இலண்டனுக்கருகே நோர்வூட் என்ற இடத்து மடத்திலிருந்து சென்றவர்கள். (நம்முடைய நோர்வூட்டைப் போல எத்தனை சீமைப் பெயர்களை நம் மலைகள் சுமந்து நிற்கின்றன!) இரவில் விளக்கோடு அவர் வார்டுகளைச் சுற்றி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர் இரவு பகலாக உழைத்தும் 1855 பெப்ரவரியில் அந்த வைத்தியசாலையில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர் என்பதைப் பலர் அறியார். மார்ச்சு மாதத்தில் சுகாதார ஆணைக்குழுவினர் வந்து, கட்டடத்துக்கு அடியில் அடைபட்டுக் கிடந்த கழிவு வாய்க்கால்களைச் சுத்தம் செய்தார்கள். காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். யூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது.

போர் முடிந்து 1856இல் நாடு திரும்பியவரை மக்கள் தெய்வமாகப் போற்றினார்கள். அவரோ வீட்டுக்குள்ளே இருந்துகொண்டு, வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிபர வல்லுநரின் துணையோடு இறந்தோரின் கணக்கை எண்ணத் தொடங்கினார். சத்துள்ள உணவு இல்லாமலும், காலந்தாழ்த்தி வந்து சேர்ந்ததாலும்தான் வீரர்கள் மாண்டார்கள் என்றே அதுவரை அவர் எண்ணியிருந்தார். எண்கள் வேறு கதை சொல்லின. தாம் பணியாற்றிய கட்டடத்தின் அசுத்தமே பலரைக் கொன்றது என்று கண்டார். புகழின் உச்சியில் நிற்கும் ஒருவருக்கு இதைவிடக் கசப்பான உண்மை இருக்க முடியுமா? அதை அவர் மூடி மறைக்கவில்லை. வட்ட வடிவப் படங்களாக வரைந்து 1858இல் அச்சிட்டு, அரசாங்கத்தின் கண்முன் வைத்தார். 1860இல் இலண்டன் புனித தோமையார் வைத்தியசாலையில் அவர் பெயரால் தொடங்கிய தாதிப் பள்ளி, அந்தக் கசப்பை விழுங்கிய கையிலிருந்து வந்தது. விளக்கோடு நடந்தது பெரிய காரியம்தான். கணக்கோடு உட்கார்ந்தது அதைவிடப் பெரியது என்பது எமது துணிபு.

இப்படி, நடந்து முடிந்ததைத் திரும்ப எடுத்து வைத்து ஆராயும் பழக்கத்துக்குப் பின்னாளில் ஓர் ஒழுங்கு கொடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் நகரில் கற்பித்தல் முறைகளைப் பற்றி ஆராய்ந்த கிரகாம் கிப்ஸ் என்பவர் 1988இல் ஆறு கேள்விகளைக் கொண்ட ஒரு வட்டத்தை வகுத்தார். என்ன நடந்தது? அப்போது என் மனத்தில் என்ன ஓடியது? அதில் எது நன்றாயிற்று, எது கெட்டது? ஏன் அப்படி ஆயிற்று? வேறென்ன செய்திருக்கலாம்? இனி அதே நிலை வந்தால் என்ன செய்வேன்? உலகின் பல நாடுகளில் தாதி மாணவியர் இந்த ஆறு கேள்விகளையும் வைத்துத் தங்கள் குறிப்பேட்டை எழுதுகிறார்கள்.

வெறும் கேள்விகளாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. நம் பக்கத்து நாளொன்றைக் கற்பனை செய்து பார்ப்போம்.

முற்பகல் பதினொரு மணி. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள்மீது குளவிக்கூடு கலைந்து விழுந்துவிடுகிறது. நால்வரைத் தோட்டத்து லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு வருகிறார்கள். மூவர் அலறுகிறார்கள், முகம் வீங்கி, கண் மூடிப் போயிருக்கிறது. நான்காமவர் சத்தமில்லாமல் வாங்கின் ஓரத்தில் சாய்ந்திருக்கிறார். புதிதாக வந்த மாணவத் தாதி அலறுகிறவர்களிடம் ஓடுகிறாள். மூத்த தாதி நேரே நான்காமவரிடம் போகிறார். கையைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கிறது. நாடி நூல்போல் ஓடுகிறது. “மூச்சு முட்டுது மிஸ்ஸி” என்று சொல்லக்கூட அந்த அம்மாவுக்குத் தெம்பில்லை. விஷம் உடல் முழுதும் பரவி இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கிறது. அவரைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துகிறார்கள். வைத்தியர் சொல்ல, தொடையின் வெளிப்புறத்தில் அட்ரினலின் ஊசி ஏறுகிறது. சில நிமிடங்களில் முகத்தில் நிறம் திரும்புகிறது. சில மணி நேரம் கழித்து அதே ஆபத்து மறுபடி வரக்கூடும் என்பதால் அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

அன்றிரவு மாணவத் தாதி குறிப்பேட்டைத் திறக்கிறாள். என்ன நடந்தது என்று எழுதுவது சுலபம். மனத்தில் என்ன ஓடியது? பயம். சத்தம் எங்கே இருக்கிறதோ அங்கே கால் தானாக ஓடியது. எது நன்றாயிற்று? மூவரின் உடலிலும் எத்தனை கொட்டுகள் என்று எண்ணிக் குறித்து வைத்தது. எது கெட்டது? நான்காமவரைப் பார்க்கவே இல்லை. ஏன்? இங்கேதான் அவள் சற்று நேரம் பேனாவை வைத்துவிட்டு யோசிக்க வேண்டியிருக்கிறது. அலறுகிறவளுக்கு அலறுவதற்கு மூச்சு இருக்கிறது. சத்தம் போட முடியாதவளிடமே முதலில் போக வேண்டும். இந்த வரி பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அவள் பரீட்சைக்கு மனனம் செய்ததும்தான். ஆனால் இன்று எழுதியபின் அது அவளுடைய வரி ஆகிவிட்டது.

கத்தோலிக்க வாசகருக்கு இந்த வழக்கம் புதிதாகத் தோன்றாது. புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் நூல் 1548இல் அச்சேறியது. நாள் முடிவில் அன்றைய எண்ணங்களையும் செயல்களையும் மணிக்கு மணி திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையை அது கற்பிக்கிறது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை தெளிவு. ஒரு வேற்றுமையையும் கவனிக்க வேண்டும். இஞ்ஞாசியார் நன்றியில் தொடங்குகிறார். குறையைத் தேடுவது பிறகுதான். கிப்ஸின் வட்டத்தில் நன்றிக்கென்று தனி இடம் இல்லை. ஆகவே மனச்சாட்சி கூர்மையான மாணவி சில வேளைகளில் ஆறு கேள்விகளையும் தன்னையே அடிக்கும் ஆறு கசைகளாக மாற்றிக்கொள்கிறாள். எம்மைக் கேட்டால், முதல் வரியாக ‘இன்று ஒரு தாய் உயிரோடு வீடு திரும்பப் போகிறாள்’ என்று எழுதிவிட்டுப் பிறகு மற்றக் கேள்விகளுக்குப் போகச் சொல்வோம்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. குறிப்பேட்டில் நோயாளியின் பெயர் வரக்கூடாது. தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர்கூட வரக்கூடாது. நகரத்தில் இது ஒரு விதி மட்டுமே. நம் லயங்களிலோ ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். இருமல் சத்தமே பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண்ணின் நோய் வெளியே போனால் அவள் மறுபடி வைத்தியசாலைப் படி ஏறமாட்டாள். அதே தோட்டத்துப் பிள்ளையே தாதியாக வந்திருக்கும்போது சிலர் தயங்கி நிற்பதும் இதனால்தான். அந்தத் தயக்கத்தைக் குறை கூறிப் பயனில்லை. வாய் காத்து, ஆண்டுக்கணக்காக வாய் காத்து, அதைக் கரைக்க வேண்டும்.

வார்டின் அன்றாட நடைமுறைகளிலும் இப்படிப்பட்ட பாடங்கள் ஒளிந்திருக்கின்றன. நம் அரசாங்க வைத்தியசாலைகளில் காலை 7 மணிக்கும், பகல் 1 மணிக்கும், இரவு 7 மணிக்கும் தாதியர் முறை மாறுகிறார்கள். போகிறவர் வருகிறவரிடம் ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைத்துவிட்டே போகிறார். எழுதப்படாதது செய்யப்படவில்லை என்பது அவர்களது கணக்கு. மருந்து கொடுக்கும்போது ஐந்து ‘சரி’களைப் பார்க்கிறார்கள்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். முதலாவது ‘சரி’ நம் தோட்டங்களில் அத்தனை எளிதல்ல. ஒரே வார்டில் மூன்று லெட்சுமிகளும் இரண்டு மேரிகளும் படுத்திருப்பார்கள்! “நீங்கள் லெட்சுமியா?” என்று கேட்டால், பணிந்தே பழகிய நம் பெண் எதற்கும் “ஓம் மிஸ்ஸி” என்று தலையாட்டிவிடுவாள். “உங்கள் பெயர் என்ன அம்மா?” என்று கேட்டு, அவள் வாயால் சொல்ல வைத்து, சீட்டோடு ஒப்பிடுவதே முறை.

கை கழுவுவதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 1847இல் வியன்னா நகரப் பிரசவ வார்டில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்து தாய்மாரின் இறப்பைப் பெருமளவு குறைத்ததும், அவரை அக்கால வைத்தியர் பலர் ஏற்க மறுத்ததும், 2020இல் கொரோனா வந்தபோது உலகமே மறுபடி அந்தப் பாடத்துக்குத் திரும்பியதும் வாசகர் அறிந்தவை. சவர்க்காரமிட்டு நாற்பது முதல் அறுபது விநாடி கழுவ வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழாயில் தண்ணீர் வராத லயத்தில் அதை எப்படிச் செய்வது என்ற கேள்விக்குத் தாதி மட்டும் விடை சொல்ல முடியாது. தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் சொல்ல வேண்டும்.

நீட்டி எழுத வேண்டியது ஒன்று உண்டு. அது தேத்தண்ணி.

திம்புள்ள என்றால் நமக்குத் தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை, பத்தனை என்று விரிந்து கிடக்கும் பள்ளத்தாக்கு. உலகச் சந்தையில் அது ஒரு தேயிலையின் பெயர். சனவரி முதல் மார்ச்சு வரை வீசும் வறண்ட குளிர்காற்றில் எடுக்கும் கொழுந்துக்கு அங்கே தனி மதிப்பு. அந்தக் கொழுந்தைக் கிள்ளும் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுநாளைய நோய். கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அடுத்த மாதம் இரத்தத்தைச் சோதித்தால் ஏறியிருக்கவில்லை. ‘மாத்திரையை ஒழுங்காக எடுக்கவில்லை’ என்று அட்டையில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். பல வேளைகளில் அப்படித்தான் நடக்கிறது.

கேள்வியை மாற்றிக் கேட்கும் தாதிக்கு வேறு விடை கிடைக்கிறது. “மாத்திரை எடுத்தீர்களா?” என்று கேட்பதற்குப் பதிலாக “எதோடு விழுங்குகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “விடியக் காலையில ரொட்டி சாப்பிட்டுத் தேத்தண்ணியோட” என்ற விடை வரும். அவள் பொய் சொல்லவில்லை. மாத்திரையைத் தவறவும் விடவில்லை. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்கிறது. குடலால் அதை உறிஞ்ச முடிவதில்லை. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தைப் பாதிக்கும் மேலாக வீணாக்கிவிடக்கூடும். மாத்திரையைத் தண்ணீரோடு, இயன்றால் தேசிக்காய்ச் சாற்றோடு எடுக்க வேண்டும். தேத்தண்ணியை ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். தேசிக்காயிலும் தோடம்பழத்திலும் நெல்லிக்காயிலும் உள்ள சத்து இரும்பை உறிஞ்சத் துணை செய்கிறது. தேயிலை நாட்டிலே, தேயிலைக்காரியிடம், ‘அம்மா, சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம்’ என்று சொல்வது எவ்வளவு விநோதமான உபதேசம்! ஆனாலும் இதைப் படிக்கும் தாய்மார் இன்றே செய்து பார்க்கக்கூடியது இது.

கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டுமானால் கேட்கிறவருக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும். நம்மவர் நோவைச் சொல்லும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, உளையுது, இழுக்குது, தெறிக்குது. ஒவ்வொன்றும் வைத்தியருக்கு வெவ்வேறு திசையைக் காட்டும். நடுவில் ஒரு சிற்றூழியர் நின்று மொழிபெயர்க்கும்போது இவ்வளவும் ‘வலிக்கிறதாம்’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. நம் மலையக வைத்தியசாலைகளில் பணிபுரியும் சிங்களத் தாதியர் பலர் தாமாகவே தமிழ் கற்று, ‘எங்க நோகுது அம்மா?’ என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் அவர்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பி நாம் இருந்துவிடலாமா?

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் இருந்தார். நம் சபையைச் சேர்ந்தவரல்லர். 1847இல் வந்து, தமிழ் கற்று, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்து, உடற்கூறு, பிரசவம், இரணவைத்தியம் பற்றிய நூல்களைத் தமிழாக்கம் செய்து அச்சிட்டார். நோயாளியின் மொழியிலே வைத்தியம் படிக்க முடியும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டியவர் அவர். 1884இல் அமெரிக்காவில் மறைந்த அவரது கல்லறையில், தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்றே பொறித்திருக்கிறார்கள்.

மலையகத்திலோ கதை வேறு. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்க வேண்டும் என்று 1872இலேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் தந்தது பெரும்பாலும் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியும், எல்லா நோய்க்கும் ஒரு போத்தல் மருந்தும்தான். 1974இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் குழந்தை இறப்பு நாட்டின் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஏறிற்று. நம் பிள்ளைகளே தாதியராகி அதைத் தடுத்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். 1948இன் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியிருந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது. எஞ்சியிருந்த குறை 2003இன் சட்டத்தோடுதான் தீர்ந்தது. ஒரு முழுத் தலைமுறைக்கும் மேலாக நம் பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கதவு பூட்டிக் கிடந்தது.

இன்று சட்டத்தின் பூட்டு இல்லை. வேறு பூட்டு இருக்கிறது. தாதிப் பயிற்சிக்கு உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பிரிவில் சித்தி பெற்றவர்களையே பெரிதும் எடுக்கிறார்கள். தோட்டப் பாடசாலைகளில் எத்தனையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இருக்கிறது? இருக்கும் இடத்தில் உயிரியல் ஆசிரியர் உண்டா? ஆய்வுகூடம் உண்டா? பிள்ளை சாதாரண தரம் முடித்ததும் ‘கலைப்பிரிவு போதும், பக்கத்தில் இருக்கிறது’ என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அந்த ஒரு முடிவிலேயே தாதிப் பயிற்சியின் மூன்றாண்டுகளும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் உள்ள தாதியியல் பட்டப்படிப்பும் அவளுக்கு எட்டாமற் போய்விடுகின்றன. ஆகவே பெற்றோர் யோசிக்க வேண்டிய காலம் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே.

ஏற்கெனவே விஞ்ஞானப் பிரிவில் படித்துச் சித்தியடைந்த பிள்ளைகள் இருந்தால், சுகாதார அமைச்சு பயிற்சிக்கு ஆட்சேர்க்கும் அறிவித்தலை அரசாங்க வர்த்தமானியில் வெளியிடுகிறது. அதை விடாமல் பார்த்து வர வேண்டும். அறிவித்தல் வந்தபின் ஓடித் திரியாமல், பிறப்புச் சான்றிதழையும், அடையாள அட்டையையும், பரீட்சைப் பெறுபேற்றையும் இப்போதே ஒன்றாக எடுத்து வைத்துப் பெயர் எழுத்துக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் தகப்பன் பெயர் ராமசாமி, இன்னொன்றில் ராமன், மற்றொன்றில் பெயரே இல்லை என்றால், அதைத் திருத்தப் பிரதேச செயலகத்தில் பல வாரங்கள் செல்லும். பங்கு மனைக்கு வந்தால் விண்ணப்பம் நிரப்ப உதவி செய்யப்படும். வரும்போது மூலப் பிரதிகளோடு நிழற்படப் பிரதி இரண்டும் கொண்டுவரவும்.